மொட்டைப்பாறைக்கு ஒரு ஹவில்தார்

ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும் சார், எனக்கு இந்தப் பக்கம் போதும். காலை மட்டும் கொஞ்சம் ஒடுக்கிக்குங்க, இந்த டப்பாவக் கீழ வைக்கணும். ஸ்வீட்டு. நசுங்கினா என் பொண்ணு வாங்க மாட்டா. நசுங்காட்டியும் வாங்குவாளான்னு தெரியாது, அது வேற கதை.

நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல சார், வேலூர் பஸ் ஸ்டாண்டுல பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். 'மிலிட்டரி மாப்பிள்ளை, எண்பதாயிரம் வாங்குறாராம்'னு சொன்னீங்களா இல்லையா? எண்பதாயிரம்! யாரு சொன்னது, தரகரா? அவனுக்கு இன்னா தெரியும்? நான் சொல்றேன் கேளுங்க. இருபத்தி நாலு வருஷம் ராணுவத்துல கிளார்க்கு. ஹவில்தார் கிளார்க் எத்திராஜ்னு இந்தப் பக்கம் யாரக் கேட்டாலும் சொல்வாங்க. பொண்ணு கொடுக்கறவங்க நேரா என் வீட்டுக்குத்தான் வருவாங்க. பையன் எத்தனாவது வருஷம், எந்த ரேங்க், எங்க இருக்கான், இது மூணும் சொன்னா போதும். இன்னைக்குக் கையில இன்னா வருது, அஞ்சு வருஷம் கழிச்சு இன்னா வரும், எப்ப ரிட்டயர் ஆவான், பென்ஷன் எவ்வளவு, எல்லாம் சொல்லிடுவேன். காசு வாங்க மாட்டேன். ஒரு காப்பி, அவ்ளோதான்.

இருங்க இருங்க. பையன் பேரு ஊரெல்லாம் அப்பால. முதல்ல விஷயம் புரியணும். புரியாம எல்லாரும் அவசரப்படுவாங்க.

அந்த எண்பதாயிரத்துல பனி மேல இருக்கறதுக்குன்னு ஒரு அலவன்ஸ் சேர்ந்திருக்கும். அது பையனோட சம்பளம் இல்ல சார், அந்த மலையோட சம்பளம். கீழ இறங்கினான்னா அன்னையோட நின்னு போச்சு. பென்ஷன்லயும் சேராது. பொண்ணு வீட்டுக்காரங்க அதப் பார்த்துட்டுத்தான் வாயப் பொளக்கறாங்க. நான் இன்னா சொல்வேன்னா, அடிப்படைச் சம்பளத்தப் பாருங்க, அது மேல பஞ்சப்படி, ராணுவத்துல இருக்கறதுக்குன்னு தனியா ஒரு தொகை. இது மூணும்தான் நிக்கும். எட்டாவது வருஷம், பதினாறாவது வருஷம், இருபத்தி நாலாவது வருஷம், ரேங்க் கிடைக்காட்டியும் சம்பளம் ஒரு படி ஏறும். பிடித்தம் இருக்கும். சேமநிதிக்குப் புடிப்பாங்க, இன்சூரன்ஸுக்குப் புடிப்பாங்க. அந்த இன்சூரன்ஸ் எதுக்குன்னு கல்யாணப் பேச்சுல கேக்கக் கூடாது.

நாலு வருஷத்துக்குன்னு எடுக்கறாங்களே, அந்தப் பையன் இல்லியே? அப்பாடா. அவங்கள்ல நாலுல ஒருத்தனத்தான் வச்சுக்குவாங்க. அதுக்கு நான் கணக்கு சொல்றதில்ல.

போன் அடிக்குது, ஆமா. என் பொண்ணுதான், கோமளா. அடிக்கட்டும் சார். இந்த பஸ் சத்தத்துல ஒண்ணியும் கேக்காது. அவ வீட்டுக்குத்தானே போறேன், சந்தவாசலு. இன்னும் முக்கால் மணி நேரத்துல நேர்லயே பேசிக்கலாம். பன்னெண்டு நாளா என்னோட பேசாம இருந்தா. இன்னைக்கு அவளே கூப்புடறா பாருங்க. கோவம் தணிஞ்சிருக்கும்.

எங்க விட்டேன்? சம்பளம். சம்பளம் பெரிய விஷயமே இல்ல சார், அது எந்தப் புத்தகத்துலயும் போட்டிருக்கும். ரேங்க் எப்ப வரும்னு சொல்றதுதான் வித்தை. சிப்பாய்க்கு மேல லான்ஸ் நாயக், அதுக்கு மேல நாயக், அதுக்கு மேல ஹவில்தார். கையில ஒரு பட்டை, ரெண்டு பட்டை, மூணு பட்டை. நாயக்கா வெளிய வர்றதுக்கும் ஹவில்தாரா வெளிய வர்றதுக்கும் பென்ஷன்ல வித்தியாசம் இருக்கு, சாவற வரைக்கும் அந்த வித்தியாசம் நிக்கும். ஆனா நல்லா வேலை செய்யறான்னு யாரும் ஹவில்தார் ஆக்கிட மாட்டாங்க. இந்த பஸ்ஸையே எடுத்துக்குங்க. அதோ அந்தம்மா கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்க உக்காரணும்னா இன்னா ஆகணும்? உக்காந்திருக்கற ஒருத்தன் எந்திரிக்கணும். அவ்ளோதான் சார் ராணுவம். கம்பெனின்னா நூத்து சொச்சம் சிப்பாய், அதுக்கு இத்தனை ஹவில்தார்னு எண்ணி வச்சிருப்பாங்க. ஒருத்தன் எந்திரிச்சா, வரிசையில முதல்ல நிக்கிறவன் உக்காருவான்.

யாரு எப்ப எந்திரிப்பான்னு தெரிஞ்சுட்டா, யாரு எப்ப உக்காருவான்னு தெரிஞ்சுடும். ரிட்டயர்மென்ட் எப்பவும் மாசக் கடைசி நாள்லதான். அதனால ப்ரொமோஷன் எப்பவும் அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி. இந்த டைரியப் பாருங்க. இது ஒரே ஒரு கம்பெனி. இந்தப் பக்கம் ஹவில்தாருங்க, எதுக்க ரிட்டயர்மென்ட் தேதி. இந்தப் பக்கம் நாயக்குங்க, வரிசை நம்பரோட. நாலாம் நம்பர் யாரு படிங்க. பூபாலன். என் மருமகன்.

நல்ல பையன் சார். எதிர்த்து வாய் பேச மாட்டான். போன ஆகஸ்டுல பதினஞ்சு வருஷம் முடிஞ்சுது. பதினஞ்சு முடிஞ்சா பென்ஷன் உண்டு, விருப்பப்பட்டா வெளிய வரலாம். எழுதிக் கொடுத்துட்டான்! என்னக் கேக்காம! சந்தவாசல்ல மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைக்கப் போறேன்றான். கோமளா கடைக்கு அட்வான்ஸே கொடுத்துட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். உக்கார வச்சு டைரியத் தொறந்தேன். 'தோ பாரு, மே மாசக் கடைசியில மூணு ஹவில்தார் ரிட்டயர் ஆவறான். ஆகஸ்டுக் கடைசியில ஒருத்தன். நாலு சீட்டு. நீ நாலாம் நம்பர். செப்டம்பர் ஒண்ணாந்தேதி உன் கையில மூணு பட்டை. ஒரு வருஷம்டா! ஒரு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்க முடியாதா'ன்னேன். முப்பது வருஷப் பென்ஷன் வித்தியாசத்த ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினேன். அவன் பேப்பரப் பார்க்கல, கோமளா மூஞ்சியப் பார்த்தான். 'வேணாம்ப்பா, அவரு வந்துரட்டும்'னா அவ. பொம்பளைக்கு இன்னா தெரியும்? வாபஸ் வாங்கற லெட்டரக் கூட நான்தான் எழுதினேன். அதப் பார்த்து அவன் கையெழுத்துல எழுதி அனுப்பிட்டான்.

அப்பால கம்பெனி பனி மேல போச்சு. அது வழக்கம்தான், முறை வெச்சுப் போவாங்க.

இந்த மாசம் பதினஞ்சாம் தேதி போன் பண்றான். 'மாமா, நேத்து ஹவில்தார் ஆக்கிட்டாங்க'ன்றான். எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணியும் புரியல. செப்டம்பர்னு சொன்னது பிப்ரவரியிலயே வந்துடுச்சு! ஆறரை மாசம் முன்னாடி! அதே நாலு சீட்டும் ஒரே நாள்ல, பதினாலாம் தேதி. தெருவுக்கே ஸ்வீட்டு கொடுத்தேன். அவன் குரல்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. சளி புடிச்சிருக்கும்னு நினைச்சேன். மேல குளிரு அப்படி.

கோமளாவுக்குப் போன் போட்டு, 'என் கணக்கு தப்பாப் போச்சுடி, முன்னாடியே வந்துடுச்சு'ன்னு சிரிக்கிறேன். அவ சிரிக்கல. 'நாலு சீட்டு காலியாச்சுன்றீங்களே, அதுல உக்காந்திருந்தவங்களுக்கு இன்னாப்பா ஆச்சு?'ன்னு கேட்டா. நான் திட்டிட்டேன் சார். நல்ல சேதி சொன்னா வாயக் கழுவுடின்னு சொல்லிட்டேன். உடம்பு சரியில்லாம கீழ அனுப்பியிருப்பாங்க, வேற இடத்துக்கு மாத்தியிருப்பாங்க, ஆயிரம் இருக்கும். அவ டிவியில பார்த்தாளாம், கீழ ஓடற எழுத்துல பனிச்சரிவுன்னு போட்டாங்களாம். பேரு போட்டானா? இல்ல. ஊரு போட்டானா? இல்ல. அப்புறம் எதுக்கு நம்மளதுன்னு நினைக்கணும்? அன்னைக்கு போன வச்சவதான்.

உண்மையச் சொன்னா, பதினாலாம் தேதின்னு அவன் சொன்னப்பவே எனக்கும் உறுத்துச்சு. மாச நடுவுல யாரு ரிட்டயர் ஆவறான்? கிளார்க்கா இருந்தவன் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா வந்தது வந்ததுதானே சார். வேணாம்னா அடுத்தவனுக்குப் போயிடும்.

கணியம்பாடியா இது? சரி சரி.

மறுபடியும் அவதான். மூணாவது தரம். இறங்கினதும் பேசறேன்னு மெசேஜ் போடலாம்னா கண்ணாடி எடுத்துட்டு வரல. விடுங்க.

பூபாலன் பதினாறாம் தேதி இன்னும் மேல ஏறினான். கம்பெனி இருக்கற இடத்துலருந்து ரெண்டு நாள் நடக்கணும், ஒரு சின்ன போஸ்ட்டு. எட்டுப் பேரு, ஒரு ஹவில்தார். அங்க இருந்த ஹவில்தார் இல்ல, அதனால இவன அனுப்பிட்டாங்க. ஹவில்தார் ஆனா பொறுப்பு வரும்ல? நம்ம ஜில்லாப் பசங்க அதுக்கு மொட்டைப்பாறைன்னு பேரு வச்சிருக்காங்களாம். எந்த மேப்புலயும் இருக்காது அந்தப் பேரு. ஏறினா தொண்ணூறு நாள் கழிச்சுத்தான் இறக்குவாங்க. ஒரு போன் இருக்கு, வாரத்துக்கு ஒருதரம் அஞ்சு நிமிஷம். இருபதாம் தேதி கோமளாவோட பேசினானாம், சம்பந்தி சொன்னாரு. இன்னைக்கு இருபத்தி ஏழு ஆச்சு, அப்பால வரல. காத்து அடிச்சா அந்தப் போன் வேலை செய்யாது. எத்தனையோ பேரு ஒரு மாசம் கூடப் பேசாம இருந்திருக்காங்க, நான் பார்த்திருக்கேன். அதுக்காக அவ சோறு திங்காம கெடந்தா நான் இன்னா பண்றது?

அதான் கிளம்பினேன். புது சம்பளம் எவ்வளவு, பென்ஷன் எவ்வளவு, எல்லாத்தையும் தெளிவா எழுதி எடுத்துட்டுப் போறேன். கையில கொடுத்துப் படின்னு சொல்லப் போறேன். உங்கப்பன் உனக்குக் கெட்டது பண்ணானான்னு அப்பால சொல்லட்டும்.

சரி, என் கதை போதும். சொல்லுங்க, உங்க மாப்பிள்ளைக்கு வருவோம். பையன் ஊரு? படவேடா! நம்ம பக்கம்தான். பேரு? கருணாமூர்த்தி. வயசு முப்பத்தொண்ணு. செவ்வாய் தோஷமா, அதான் லேட்டு. எந்த ரெஜிமென்ட்டு, எந்தக் கம்பெனி, ஏதாவது சொன்னாங்களா? ஜாதகத்தோட எழுதிக் கொடுத்தாங்களா, காட்டுங்க. கண்ணாடி இல்ல, நீங்களே படிங்க.

அட! அட, அட! சார், கையக் கொடுங்க! இது என் டைரி கம்பெனி சார்! நாயக் பக்கத்தப் படிங்க, பூபாலனுக்குக் கீழ யாரு? அஞ்சாம் நம்பர். கருணாமூர்த்தின்னு போட்டிருக்கா? பார்த்தீங்களா! ஆறு மாசமா இந்தப் பேர எழுதி எழுதி வச்சிருக்கேன், மூஞ்சி தெரியாது. எந்த ஊருன்னு கூடத் தெரியாது. என் மருமகனுக்கு அடுத்தவன்! நல்ல இடம் சார், கண்ண மூடிக்கிட்டுக் கொடுக்கலாம். நாயக்கு, பன்னெண்டு வருஷ சர்வீஸு. அடுத்த ஹவில்தார் சீட்டு எப்பன்னு பார்த்தா... வர்ற வருஷம் ஜூன் கடைசி. ஜூலை ஒண்ணாந்தேதி உங்க மாப்பிள்ளை ஹவில்தாரு. எழுதி வச்சுக்குங்க.

இல்ல, இப்ப ஹவில்தார் இல்ல. நாயக்கு. டைரியில இருக்கே.

ஆயிட்டாரா? யாரு சொன்னது? பையனே சொன்னானா? சார், கோச்சுக்காதீங்க, உங்களுக்குக் காது குத்தறாங்க. பொண்ணு பார்க்கறப்ப எல்லாப் பயலும் ஒரு பட்டையச் சேர்த்துத்தான் சொல்வான். நாலு சீட்டு காலியாச்சு, நாலு பேரு உக்காந்துட்டாங்க. அஞ்சாவதுக்கு எங்க சீட்டு? நான்தான் சொல்றேன்ல, அடுத்த வருஷம் ஜூலை. சம்பளத்துல எண்பதாயிரம்னு அளந்தாங்க, இப்ப ரேங்க்குலயும் அளக்கறாங்க. ஜாக்கிரதையா இருங்க.

போட்டோ அனுப்பினானா? காட்டுங்க. கிட்ட கொண்டாங்க. கையப் பெருசு பண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு... மூணு பட்டை. மூணாவது பட்டை வெளுப்பா இருக்கு, புதுசு. அடுத்தவன் சட்டைய வாங்கிப் போட்டுக்கிட்டு எடுத்திருப்பான் சார். இதெல்லாம் நான் பார்த்ததுதான். கல்யாணத்துக்குன்னா எதுவும் பண்ணுவானுங்க.

எப்ப அனுப்பினான்? நேத்து ராத்திரியா? நேத்து தேதி இருபத்தி ஆறு.

இருபத்தி ஆறுல ஒரு ப்ரொமோஷன்.

கீழ ஏதோ எழுதியிருக்கே, படிங்க. மெதுவாப் படிங்க சார், பஸ் ஆடுது.

இன்னொருதரம் படிங்க.

'நாளைக்கு மொட்டைப்பாறைக்கு ஏறறேன் மாமா. போஸ்ட்டு பொறுப்பு இனிமே எனக்குத்தான். போன் வராது, கவலைப்படாதீங்க. திரும்பி வந்ததும் தேதி வச்சுக்கலாம்.'

மொட்டைப்பாறைன்னா போட்டிருக்கான்? நல்லாப் பார்த்தீங்களா?

இல்ல சார், எனக்கு ஒண்ணியுமில்ல. வேர்க்குது, அவ்ளோதான். அந்த ஜன்னல் கண்ணாடியக் கொஞ்சம் தள்ளி விடுங்க. தண்ணி இருக்கா? கொடுங்க.

அங்க ஒரு ஹவில்தார்தான் சார். ஒருத்தன் இருக்கறப்ப இன்னொருத்தன அனுப்ப மாட்டாங்க. தொண்ணூறு நாள் கணக்குல பூபாலன் போய் பதினோரு நாள்தான் ஆவுது. லீவுல இறங்கியிருப்பான். அப்படித்தான் இருக்கும். ஆனா லீவுல போனா சீட்டு காலி ஆவாது, சீட்டு அவன் பேர்லயேதான் இருக்கும். அப்ப உடம்பு சரியில்லாம கீழ வந்திருப்பான். ஆஸ்பத்திரியில. ஆஸ்பத்திரியில படுத்தாலும் ரேங்க்க உடனே எடுக்க மாட்டாங்க, மாசக்கணக்கா மெடிக்கல் போர்டு உக்காந்து பேசும், நானே அந்தக் காகிதமெல்லாம் டைப் அடிச்சிருக்கேன். மாத்தல்ல போயிருந்தா அடுத்தவனுக்கு ரேங்க் ஒண்ணாந்தேதிதான் வரும். தப்பு பண்ணி ரேங்க்கப் புடுங்கியிருப்பாங்களோ? பூபாலன் பீடி கூடக் குடிக்க மாட்டான் சார். அவன எதுக்குப் புடுங்கறாங்க?

வேற எந்தக் காரணம்? சொல்லுங்க, நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. ஆயிரம் காரணம் இருக்கும்னு நான்தானே சொன்னேன். ஒண்ணு சொல்லுங்க.

உங்க மாப்பிள்ளைப் பையன் பொய் சொல்றான். அதான் சார் விஷயம். ஹவில்தாரும் ஆவல, மேலயும் போவல. கீழ கேம்ப்புல சப்பாத்தி தின்னுட்டு கெடக்கறான். மொட்டைப்பாறைன்னு எவனோ சொன்னதக் கேட்டுட்டு எழுதியிருக்கான். பொய்யன்! அவனுக்குப் பொண்ணு கொடுக்காதீங்க. ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க? பொய்யன்னு சொல்றேன்ல! நீங்களும் சொல்லுங்க. 'ஆமா, அந்தப் பையன் பார்வையே சரியில்ல, பொய் சொல்றவன்தான்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உங்களுக்கு இன்னா குறைஞ்சிடப் போவுது?

போன் அடிக்குது. இது கோமளா நம்பரா பாருங்க. அவ மாமியார்னு காட்டுதா? இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் கோமளாவா? ஆறு தரமா? நான் மூணுன்னு நினைச்சேன்.

வேணாம், வேணாம், எடுக்காதீங்க! கையில வச்சுக்குங்க. அப்படியே மூடி வச்சுக்குங்க.

செப்டம்பர் வரைக்கும் கூட வேணாம்னா சார் அவ. இப்பவே வந்துரட்டும்னா. கடைக்குப் பேரு கூட எழுதி வச்சிருந்தாங்க. நான்தான் லெட்டர் எழுதினேன். நாலு வரி. அவன் கையெழுத்து குழந்தைங்க எழுதற மாதிரி குண்டு குண்டா இருக்கும், அப்படியே பார்த்து எழுதி போட்டோ எடுத்து, 'சரியா மாமா?'ன்னு கேட்டிருந்தான். சரின்னு அனுப்பினேன்.

சந்தவாசலா? வந்துடுச்சா? ஒரு நிமிஷம் கண்டக்டர், கத்தாதப்பா. தெரியுது. அங்க டீக்கடைக்கிட்ட இன்னா கூட்டம்? என் சம்பந்தியோட தம்பி மாதிரி இருக்கு. இந்தப் பக்கம்தான் பார்க்கறாரா? எனக்குக் கண்ணு தெரியல சார், அவரு தோள்ல துண்டு இருக்கா பாருங்க. செருப்பு போட்டிருக்காரா?

இல்லம்மா, நீங்க நில்லுங்க. இந்த சீட்டுக்கு வராதீங்க. நான் இறங்கல. இந்தாப்பா கண்டக்டர், போளூருக்கு ஒரு டிக்கெட் கொடு. காசு எடுத்துக்கோ. விசில் அடி, வண்டிய எடுக்கச் சொல்லு. நான் எந்திரிக்கல. நில்லும்மா, உங்களத்தான் சொல்றேன், கொஞ்ச நேரம் நில்லுங்க, யாரும் இங்க எந்திரிக்கல.